மேலிருந்து எடுத்த படம் ஊருக்கு வந்து சேரட்டும்

1970-ஆம் ஆண்டு கேரளத்தின் காயங்குளம் பக்கத்தில் தென்னந்தோப்புகளுக்கு மேலே ஒரு ஹெலிகாப்டர் பறந்தது. அதற்குள் இருந்த கேமராவில் போட்டிருந்தது வழக்கமான ஃபிலிம் அல்ல. மனிதக் கண்ணுக்கு எட்டாத அகச்சிவப்பு ஒளியையும் பதிவு செய்யும் ஃபிலிம். அந்த வட்டாரத்துத் தென்னைகளை வேர்வாடல் நோய் பல காலமாக அரித்துக்கொண்டிருந்தது. தரையில் நின்று அண்ணாந்து பார்த்தால் நோய் முற்றிய மரம்தான் தெரியும். மேலிருந்து எடுத்த படத்திலோ நல்ல மரத்தின் கொண்டை ஒரு நிறத்திலும், நோய் கண்ட மரத்தின் கொண்டை வேறு நிறத்திலும் விழுந்தன. வானிலை அறிவியலாளர் பி.ஆர். பிஷரோட்டி முன்னின்று நடத்திய அந்தச் சோதனையிலிருந்துதான் இந்திய விண்வெளித் துறையின் தொலையுணர்வு வரலாற்றைச் சொல்லத் தொடங்குகிறார்கள்.

அந்தத் தொடக்கத்தின் மேல் எனக்குப் பெரிய மதிப்பு உண்டு. வானிலிருந்து படம் பிடிக்கும் கலை மற்ற நாடுகளில் போர்க்களத்தில்தான் வேகமாக வளர்ந்தது. முதல் உலகப் போரில் எதிரியின் பதுங்குகுழிகளைப் பார்க்க விமானங்கள் கேமராவோடு பறந்தன. இரண்டாம் உலகப் போரில் ஜெர்மனியின் ஏவுகணைத் தளங்களை வான்படங்களை வைத்தே கண்டுபிடித்தார்கள். இங்கே நம் விண்வெளித் துறை முதலில் பார்க்க விரும்பியது குடியானவரின் தென்னையை.

அரை நூற்றாண்டு கடந்துவிட்டது. அதே வேர்வாடல் நோய் பாலக்காட்டுக் கணவாய்க்கு இந்தப் பக்கம் வந்து, பொள்ளாச்சி, ஆனைமலைத் தோப்புகளில் மரம் மரமாக வெட்ட வைத்துக்கொண்டிருக்கிறது. இடைப்பட்ட காலத்தில் இந்தியா தொலையுணர்வுச் செயற்கைக்கோள்களை வரிசையாக ஏவிவிட்டது. ஹைதராபாத்தில் தேசியத் தொலையுணர்வு மையமும், டேராடூனில் பயிற்சி நிறுவனமும், 1982 முதல் அண்ணா பல்கலைக்கழகத்தில் தனி ஆய்வு நிறுவனமும் இயங்குகின்றன. நம் தலைக்கு மேல் ஓயாமல் படம் எடுக்கப்படுகிறது. நோய் எந்தத் தோப்பிலிருந்து எந்தத் தோப்புக்கு நகர்கிறது என்று காட்டும் படம் ஆனைமலைத் தோப்புக்காரரின் கைக்கு வருகிறதா? செயற்கைக்கோளும் விஞ்ஞானியும் நம்மிடம் போதுமான அளவு உண்டு. எந்த மண்ணைப் படம் எடுத்தோமோ அந்த மண்ணின் மக்களிடம் படத்தைக் கொடுக்கும் வழக்கம்தான் நம்மிடம் இல்லை. அந்த வழக்கத்தை உண்டாக்க வேண்டும் என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

நுட்பத்தின் அடிப்படை எளிது. சூரிய ஒளி எதன்மேல் பட்டாலும் ஒரு பகுதி உள்ளே போகும், மீதி திரும்பி வரும். எது எவ்வளவு திரும்பும் என்பது பொருளுக்குப் பொருள் மாறும். நன்றாக இருக்கும் பச்சை இலை சிவப்பு ஒளியைக் குடித்துவிட்டு, அகச்சிவப்பை ஏராளமாகத் திருப்பி அனுப்பும். வாடத் தொடங்கிய இலையில் இந்த வித்தியாசம் குறைந்துவிடும். தண்ணீர் அகச்சிவப்பை ஏறக்குறைய முழுதாக விழுங்கிவிடுவதால் அந்தப் படத்தில் ஏரி கறுத்தும், வயல் பளிச்சென்றும் தெரியும். மண்ணுக்கும் மணலுக்கும் கான்கிரீட்டுக்கும் ஆளுக்கொரு குணம். இந்தக் குணங்களை எண்ணாக மாற்றிக் கணினியில் ஒப்பிடுவதுதான் மீதி வேலை எல்லாம்.

அந்தப் படம் எவ்வளவு நுணுக்கமானது என்பதை நம் நில அளவையிலேயே சொல்லிப் பார்க்கலாம். 1972 ஜூலையில் அமெரிக்கா ஏவிய முதல் லேண்ட்சாட்டின் படத்தில் ஒரு புள்ளி தரையில் சுமார் 80 மீட்டர் சதுரம், அதாவது ஒன்றரை ஏக்கருக்கு மேல். 1988 மார்ச் 17 அன்று சோவியத் ஒன்றியத்தின் பைக்கனூரிலிருந்து ஏவப்பட்ட இந்தியாவின் ஐஆர்எஸ்-1ஏ இரண்டு வகைக் கேமராக்களைச் சுமந்தது. அவற்றில் கூர்மையானது எடுத்த படத்தில் ஒரு புள்ளி முப்பது சென்ட்டுக்குச் சற்று மேல். இன்று ஐரோப்பாவின் சென்டினல்-2 செயற்கைக்கோள்கள் எடுக்கும் படத்தில் ஒரு புள்ளி இரண்டரை சென்ட். ஐந்து நாளுக்கு ஒருமுறை அதே இடத்துக்குத் திரும்பி வந்து எடுக்கின்றன. காசு வாங்காமல் உலகத்துக்கே கொடுக்கின்றன. 2019 நவம்பரில் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து போன நம் கார்ட்டோசாட்-3 கால் மீட்டர் அளவுள்ளதைக்கூடப் பிரித்துக் காட்டக்கூடியது. ஒவ்வொரு தென்னையின் கொண்டையும் தனித்தனியாக எண்ணக் கிடைக்கும்.

தரையில் நடப்பவருக்குத் தெரியாமல் போய், மேலேயிருந்து பார்த்தவுடன் தெரிந்துவிடும் சில விஷயங்கள் உண்டு. காவிரி தன் போக்கை மாற்றிக்கொண்டே வந்த ஆறு. அது விட்டுப்போன பழைய தடங்கள் இன்று வயலாகவும் தோப்பாகவும் கிடக்கின்றன. நடந்து போகிறவருக்கு அங்கே ஆறு ஓடியது தெரியாது. படத்தில் அந்த இடம் ஈரப்பதமும் செழிப்பும் கொண்ட வளைந்த பட்டையாகத் தனித்துத் தெரியும். திருச்சி பாரதிதாசன் பல்கலைக்கழகத்தின் தொலையுணர்வு மையம், பேராசிரியர் எஸ்.எம். இராமசாமியின் வழிகாட்டலில், தமிழ்நாட்டு ஆறுகளின் இத்தகைய கைவிட்ட தடங்களைப் பற்றி நிறைய ஆய்வு செய்திருக்கிறது. இது வெறும் வரலாற்று ஆர்வத்துக்கான செய்தி என்று தள்ளிவிடக் கூடாது. பழைய ஆற்றுமணல் புதைந்து கிடக்கும் இடம் மழைநீரை உள்ளே இறக்குவதற்கு ஏற்ற இடம். எங்கே தடுப்பணை கட்டுவது, எங்கே உறிஞ்சுகுழி வெட்டுவது என்று ஊராட்சி முடிவெடுக்கும்போது மேசையில் அந்த வரைபடம் இருந்தாக வேண்டும்.

பழைய படங்களின் அருமை இன்னும் பெரிது. 1960 முதல் 1972 வரை அமெரிக்கா கொரோனா என்ற பெயரில் ரகசிய உளவுச் செயற்கைக்கோள்களைப் பறக்கவிட்டது. அவை எடுத்த ஃபிலிம் சுருள்கள் உறைக்குள் வைத்துக் கீழே அனுப்பப்பட்டன. பாராசூட்டில் இறங்கி வரும் உறையை பசிபிக் கடலுக்கு மேல் விமானம் ஒன்று கொக்கி போட்டு நடுவானில் பிடித்தது. சோவியத் ஏவுகணைகளைத் தேடி எடுத்த படங்கள் அவை. 1995 பிப்ரவரியில் அதிபர் கிளின்டன் ரகசியத்தை நீக்கினார். எட்டு லட்சத்துக்கும் மேற்பட்ட படங்கள் வெளியே வந்தன. மேற்காசியாவின் தொல்லியலாளர்கள் அவற்றைக் கொண்டாடினார்கள். பிற்காலத்தில் அணைநீரில் மூழ்கிய ஊர்மேடுகளும், உழுது அழிந்த பழம்பாதைகளும் அந்தப் படங்களில் அப்படியே இருந்தன. இந்தியாவின் பல பகுதிகளும் அதில் அடக்கம். 60-களில் நம் ஏரிகள் எப்படி இருந்தன என்பதற்கு ஒரு சாட்சி அங்கே தூங்கிக்கொண்டிருக்கிறது.

தமிழ்நாட்டில் 39,000-க்கும் மேற்பட்ட ஏரிகளும் கண்மாய்களும் இருப்பதாக அரசுக் கணக்கு சொல்கிறது. ஒரு ஏரி ஒரே நாளில் சாவதில்லை. முதலில் வரத்துக் கால்வாயின் மேல் யாரோ ஒரு களத்துமேடு போடுகிறார். அடுத்து, மழை பொய்த்த ஆண்டில், தண்ணீர் எட்டாத உள்வாயில் கம்பு விதைக்கிறார்கள். அடுத்த ஆண்டு வரப்பு வருகிறது. பத்து ஆண்டில் கிணறு வருகிறது, மின் இணைப்பு வருகிறது. பிறகு அரசே வந்து சாலை போடுகிறது, பேருந்து நிலையம் கட்டுகிறது, சில ஊர்களில் நீதிமன்றக் கட்டடமே ஏரிக்குள் எழுகிறது. இந்தக் கதை நடந்து முடிய முப்பது, நாற்பது ஆண்டுகள் ஆகும். அதற்குள் எத்தனையோ கிராம நிர்வாக அலுவலர்கள் மாறிவிடுவார்கள், எத்தனையோ வட்டாட்சியர்கள் வந்து போய்விடுவார்கள். ஒவ்வொருவர் காலத்திலும் ஏரி கொஞ்சமாகத்தான் சுருங்கியது. கொஞ்சம் சுருங்கியதற்கு யாரும் பதறுவதில்லை.

நாற்பது ஆண்டுகளையும் ஒரே பார்வையில் பார்க்கக் கூடியது படவரிசை மட்டும்தான். 70-களின் வான்படம், 1988-க்குப் பிந்தைய ஐஆர்எஸ் படங்கள், 2000-க்குப் பிந்தைய கூர்மையான படங்கள், போன ஜனவரியில் எடுத்த படம் ஆகியவற்றை அடுத்தடுத்து ஒட்டிவைத்தால் ஊரில் எழுதப் படிக்கத் தெரியாதவருக்கும் புரிந்துவிடும். பள்ளிக்கரணையை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு காலத்தில் 5,000 ஹெக்டேருக்கும் மேல் பரந்திருந்ததாகக் கணிக்கப்படும் சதுப்பு நிலம் அது. 2022-இல் ராம்சார் ஈரநிலப் பட்டியலில் சேர்ந்தபோது அதன் பரப்பு சுமார் 1,247 ஹெக்டேர். இடையில் குப்பைக் கிடங்கு வளர்ந்தது, கணினி நிறுவனங்களின் கண்ணாடி மாளிகைகள் வந்தன, சதுப்பைக் கூறு போட்டுச் சாலைகள் ஓடின. அத்தனையும் ஆண்டு தவறாமல் படத்தில் பதிவாகிக்கொண்டே இருந்தது. 2015 டிசம்பரில் சென்னை மூழ்கிய பிறகுதான் நகரம் அந்தப் படங்களைத் தேடியது. 2019 கோடையில் புழல் ஏரி வறண்டு கிடந்த படமும், அதற்கு முந்தைய ஆண்டு அதே ஏரியில் தண்ணீர் நின்ற படமும் அருகருகே உலகப் பத்திரிகைகளில் வந்தன. அந்த ஏரித் தண்ணீரைக் குடித்து வாழும் நாமும் அவற்றை அங்கேதான் பார்த்தோம்.

படம் பட்டா யார் பெயரில் என்று சொல்லாது. அதை ஒப்புக்கொள்கிறேன். அ-பதிவேடும் புல வரைபடமும்தான் எல்லையைத் தீர்மானிக்கும். ஆனால் ஏரி ஆக்கிரமிப்பு வழக்குகளில் திரும்பத் திரும்ப எழும் கேள்வி ‘எப்போதிலிருந்து’ என்பதுதான். தாத்தா காலத்திலிருந்து உழுகிறோம் என்று ஒரு பக்கம் சொல்லும், அப்போது அங்கே தண்ணீர் நின்றது என்று மறுபக்கம் சொல்லும். தேதி போட்ட படம் இந்த ஒரு கேள்விக்கு எந்த வாய்ச் சாட்சியையும்விட நேராகப் பதில் சொல்லும். 2007-இல் தமிழ்நாடு அரசு ஏரிப் பாதுகாப்புக்கென்றே தனிச் சட்டம் இயற்றியது. நில அளவர் போய் ஏரியின் எல்லையை அளந்து கல் நட வேண்டும் என்பதே அதன் முதல் படி. அளக்கப்போகும் நில அளவரின் பையில் பழைய வான்படத்தின் நகலும் இருக்க வேண்டும் என்று ஒரு வரி விதி சேர்த்தால் போதும், அந்தச் சட்டத்துக்குப் பல் முளைக்கும்.

இங்கே ஓர் எச்சரிக்கையும் அவசியம். படத்தை மட்டும் வைத்துக்கொண்டு ஹைதராபாத்திலோ சென்னையிலோ உட்கார்ந்து தீர்ப்பு எழுதினால் தப்பு நேரும். ஆகாயத்தாமரை மூடிய ஏரி படத்தில் பயிர் மாதிரி பச்சையாகத் தெரியும். சீமைக்கருவேலம் மண்டிய கண்மாய் காடு மாதிரி தெரியும். நாற்று நடத் தண்ணீர் கட்டிய வயலும், வெள்ளம் புகுந்த வயலும் ஒரே நாள் படத்தில் ஒன்றுபோல் தெரியும். எது எது என்று சொல்ல அந்த ஊர் ஆள் வேண்டும். மடை திறக்கும் நீர்க்கட்டி வேண்டும், ஆடு மேய்ப்பவர் வேண்டும். தொலையுணர்வாளர்கள் கள ஆய்வுக்கு வந்து சரிபார்ப்பது உண்மைதான். ஆனால் மாதிரிக்குச் சில இடங்களைப் பார்த்துவிட்டுப் போய்விடுவார்கள். ஊரிலேயே ஆயிரம் கண்கள் இருக்கும்போது அவற்றைப் பயன்படுத்தாமல் விடுவது பெரிய வீணடிப்பு.

தவறு சில நேரம் படத்தில் இருக்காது, நாம் வைக்கும் பெயரில் இருக்கும். இந்திய வன ஆய்வு நிறுவனம் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை வெளியிடும் அறிக்கையில், ஒரு ஹெக்டேருக்குக் குறையாத நிலத்தில் மரத்தின் கவிகை பத்து சதவீதம் இருந்தாலே அது வனப் போர்வையில் சேரும். நிலம் யாருடையது, மரம் எது என்ற கேள்வியே இல்லை. தென்னந்தோப்பும் கணக்கில் வந்துவிடும். சோலைக்காடு அழிந்து தோப்பு கூடினாலும் எண் குறையாது. இதற்கு நேர்மாறாக, ஆடு மாடு மேயும் மேய்க்கால் நிலம் செயற்கைக்கோள் வரைபடத்தில் ‘தரிசு’ என்று விழுகிறது. தரிசு என்று பெயர் விழுந்த நிலத்துக்குச் சூரிய மின் பூங்காவும் தொழிற்பேட்டையும் எளிதில் வரும். வரைபடத்தை ஊர் பார்த்திருந்தால் அந்தப் பெயரை ஒத்துக்கொண்டிருக்காது.

விவசாயியின் வயிற்றோடு நேரடியாகத் தொடர்புள்ள இடம் பயிர்க் காப்பீடு. 2016-இல் தொடங்கிய பிரதமரின் திட்டத்தில் இழப்பீடு தனித்தனி வயலுக்குக் கணக்கிடப்படுவதில்லை. நெல்லுக்குப் பெரும்பாலும் வருவாய்க் கிராமமே அலகு. கிராமத்தில் ஒரு சில வயல்களில் ஐந்து மீட்டருக்கு ஐந்து மீட்டர் அளந்து அறுத்து, எடை போட்டு, அதைக் கிராமம் முழுவதற்கும் விளைச்சலாகக் கொள்கிறார்கள். பக்கத்து ஊருக்குப் பணம் வந்தது, எங்கள் ஊருக்கு ஏன் வரவில்லை என்ற கேள்வி டெல்டாவில் ஆண்டுதோறும் எழுகிறது. சம்பா, தாளடி நிற்கும் ஐப்பசி, கார்த்திகையில் வானம் மூடியே கிடக்கும். சாதாரணக் கேமராவுக்கு மேகம்தான் தெரியும். அந்த நேரத்துக்கு ரேடார் இருக்கிறது. ரேடார் தானே அலையை அனுப்பி, திரும்பி வருவதைப் பிடிக்கும். மேகமும் இருட்டும் அதற்குத் தடையில்லை. தண்ணீர் கட்டிய வயல் அதில் கறுப்பாகத் தெரியும், பயிர் வளர வளர வெளுக்கும். நடவு எப்போது நடந்தது, எங்கே நடக்கவேயில்லை, எங்கே மூழ்கியது என்று வரிசையாகப் படித்துவிடலாம். இந்த முறையைக் கோவை வேளாண் பல்கலைக்கழகம், பன்னாட்டு நெல் ஆராய்ச்சி நிறுவனத்தோடும் மற்றவர்களோடும் சேர்ந்து தமிழ்நாட்டு நெல்வயல்களில் பல பருவங்கள் செய்துகாட்டியது. காப்பீட்டு முடிவுகளுக்கும் அது பயன்பட்டது. 2023-இல் ஒன்றிய அரசு, நெல், கோதுமை விளைச்சல் மதிப்பீட்டில் குறைந்தது முப்பது சதவீத எடையைத் தொழில்நுட்பக் கணக்குக்குக் கொடுக்கும் ஏற்பாட்டைக் கொண்டுவந்தது.

நல்ல திசைதான். ஆனால் விவசாயிக்கு இன்னும் பதில்தான் வருகிறது, படம் வருவதில்லை. ‘உங்கள் கிராமத்தின் விளைச்சல் இவ்வளவு’ என்ற எண்ணை மட்டும் பார்த்தவர் எதை வைத்து மறுப்பார்? அறுவடைப் பரிசோதனைக்கு அதிகாரி வந்தால் வரப்பில் நின்று வாதாடவாவது முடியும். கணினி சொன்ன எண்ணோடு வாதாட வழியே இல்லை. கணக்கு நுட்பமாக ஆக, அதைக் கேள்வி கேட்கும் உரிமையும் கூட வளர வேண்டும். இல்லாவிட்டால் பழைய முறையே மேல் என்று விவசாயி சொல்லிவிடுவார், சொல்வதில் நியாயமும் இருக்கும்.

2018 நவம்பரில் கஜா புயல் பட்டுக்கோட்டை, பேராவூரணித் தோப்புகளைச் சாய்த்துப் போட்டபோது நிவாரணம் மரக் கணக்கில் அறிவிக்கப்பட்டது. விழுந்த மரங்களுக்குள் நுழைய வழியில்லாத தோப்புகளில் நடந்து நடந்து எண்ணினார்கள். புயலுக்கு முன்னும் பின்னும் எடுத்த கூர்மையான படங்களை ஊர்வாரியாக வைத்திருந்தால், நின்ற கொண்டை எத்தனை, சாய்ந்தது எத்தனை என்று தோப்புக்காரரும் அலுவலரும் ஒரே தாளைப் பார்த்துப் பேசியிருக்கலாம். ஒரு தலைமுறை உழைப்பு தரையில் கிடக்கும்போது கணக்கில் விட்டுப்போன மரத்துக்காக அலுவலக வாசலில் நிற்கும் அவமானமாவது மிஞ்சாமல் இருந்திருக்கும்.

கடலுக்கு வருவோம். ஹைதராபாத்தில் உள்ள இன்காய்ஸ் நிறுவனம், கடல் மேற்பரப்பின் வெப்பத்தையும், பாசி நுண்ணுயிர்களால் நீரில் ஏற்படும் நிற மாற்றத்தையும் செயற்கைக்கோளில் படித்து, மீன் கூடும் வாய்ப்புள்ள இடங்களை அறிவிக்கிறது. தேடி அலையும் டீசல் மிச்சமாகிறது. கரையோரம் வலை போடும் கட்டுமரக்காரரைவிடத் தொலைவுக்குப் போகும் விசைப்படகுக்கே இது அதிகம் உதவுகிறது என்பது என் கருத்து. 2004 சுனாமிக்கு முன்னும் பின்னும் எடுத்த படங்களை ஒப்பிட்டு, கடலூர் மாவட்டக் கரையோரத்தில் அலையாத்தி மரங்களும் தோப்புகளும் முன்னால் இருந்த இடங்களில் சேதம் குறைந்ததை ஓர் ஆய்வு காட்டியது. 2005-இல் ‘சயின்ஸ்’ இதழில் அது வெளிவந்தது. பிச்சாவரத்து மக்கள் தங்கள் அனுபவத்தில் சொன்னதற்கு அது அளவிட்ட சான்றாக அமைந்தது. இந்த வெற்றிகளுக்கு நடுவே ஒக்கி இருக்கிறது. 2017 நவம்பர் 30 அன்று குமரிக் கடலில் அந்தப் புயல் வெகுவேகமாக உருவெடுத்ததைச் செயற்கைக்கோள்கள் பார்த்தன. பல நாள் தங்கல் தொழிலுக்கு ஆழ்கடல் போயிருந்த குமரி, கேரள மீனவர்களுக்குச் செய்தி போய்ச் சேர வழியில்லை. நூற்றுக்கணக்கானோர் திரும்பவில்லை. கரையிலிருந்து கூப்பிட்டால் எட்டாத தூரத்தில் இருக்கும் படகுக்குச் செயற்கைக்கோள் வழியாகவே செய்தி தரும் கருவிகள் பற்றி அதற்குப் பிறகுதான் முனைப்பு வந்தது. பார்ப்பதற்குச் செலவிட்டதில் ஒரு சிறு பங்கை, பார்த்ததைச் சொல்வதற்கு முன்பே செலவிட்டிருக்க வேண்டும்.

படம் சாட்சியாக நிற்பது என்றால் என்ன என்பதை ஈழப் போரின் கடைசி நாள்கள் நமக்குக் காட்டின. 2009-இல் முள்ளிவாய்க்கால் மணல்திட்டுக்குள் சுயேச்சையான செய்தியாளர் எவரையும் இலங்கை அரசு விடவில்லை. மனித உரிமை அமைப்புகளின் வேண்டுகோளின்பேரில் அமெரிக்க அறிவியல் மேம்பாட்டுச் சங்கம், மே 6 அன்றும் மே 10 அன்றும் எடுக்கப்பட்ட வணிகச் செயற்கைக்கோள் படங்களை ஒப்பிட்டது. மக்கள் அடைக்கலம் புகுந்திருந்த ஆயிரக்கணக்கான கூடாரங்கள் நான்கு நாள் இடைவெளியில் இல்லாமல் போயிருந்தன. மணலில் குண்டு விழுந்த குழிகள் தெரிந்தன. ஐ.நா. பொதுச் செயலாளர் அமைத்த வல்லுநர் குழுவின் 2011 அறிக்கையும் இத்தகைய படங்களைச் சான்றாகக் கொண்டது. அந்தப் படங்கள் ஒரு உயிரையும் காப்பாற்றவில்லை. ஆனால் அங்கே ஒன்றும் நடக்கவில்லை என்று சொல்லிவிட்டுப் போக யாராலும் முடியாமல் செய்தன. காசு கொடுத்தால் யாரும் வாங்கக்கூடிய படம் என்பதால்தான் அது சாத்தியமாயிற்று. ஓர் அரசின் பெட்டகத்தில் மட்டும் இருந்திருந்தால் அந்தக் கூடாரங்கள் இருந்ததற்கே சான்று இல்லாமல் போயிருக்கும்.

இந்தியாவில் பெட்டகத்தின் பூட்டு நெடுங்காலம் இறுகியே இருந்தது. வான்படம் எடுக்கவும் வாங்கவும் பாதுகாப்பு அமைச்சகத்தின் ஒப்புதல் வேண்டியிருந்தது. நாட்டின் எல்லையோர வரைபடங்கள் மட்டுமல்ல, கடற்கரை மாவட்டங்களின் விரிவான வரைபடங்களும் பொதுமக்களுக்குக் கிடைக்காமல் இருந்தன. அமெரிக்கா 2008-இல் லேண்ட்சாட் படங்களை இலவசமாக்கியது. அதுவரை ஒரு படத்துக்குச் சில நூறு டாலர் கொடுத்தவர்கள் அதன்பின் லட்சக்கணக்கில் இறக்கிக்கொண்டார்கள். உலகத்தின் காடழிப்பையும் பனியுருகலையும் பற்றிய அறிவு பெருகியது அதன் பிறகுதான். நம் இஸ்ரோ 2009-இல் புவன் என்ற இணைய வரைபடத் தளத்தைத் தொடங்கியது. 2021 பிப்ரவரியில் ஒன்றிய அரசு வரைபட விதிகளைப் பெருமளவு தளர்த்தியது. அடுத்து வந்த கொள்கைகளும் அந்த வழியிலேயே போகின்றன. இதை மனமார வரவேற்கிறேன். ஆனால் தளர்வின் பயனை முதலில் எடுத்துக்கொண்டவை வாடகை வண்டி, உணவு விநியோக நிறுவனங்களும் மனை வணிகர்களும்தான். அறுபதுகள், எழுபதுகளில் எடுத்த வான்படங்கள் இன்னும் அலமாரியில் பழுப்பேறிக்கொண்டிருக்கின்றன. அரை நூற்றாண்டுக்கு முந்தைய ஏரியின் படத்தில் எந்த நாட்டு ரகசியம் இருக்கிறது? அவற்றை வருடி, மாவட்டவாரியாகப் பொதுவில் வைக்க வேண்டும்.

ஊர் கையில் படம் போனால் ஏழைகளின் குடிசைகள்தான் முதலில் இடிக்கப்படும் என்று சில நண்பர்கள் அஞ்சுகிறார்கள். இந்த அச்சம் பொய்யல்ல. 2015 வெள்ளத்துக்குப் பிறகு அடையாறு, கூவம் கரைகளில் வாழ்ந்தவர்கள் ஆக்கிரமிப்பாளர்கள் என்று அப்புறப்படுத்தப்பட்டு, பெரும்பாக்கத்துக்கு அனுப்பப்பட்டார்கள். பெரும்பாக்கம் பள்ளிக்கரணைச் சதுப்பின் விளிம்பில் இருக்கிறது. மழைக்காலத்தில் அங்கேயும் தண்ணீர் சூழ்கிறது. வெள்ளத்திலிருந்து காப்பதாகச் சொல்லி வெள்ளத்துக்கே அழைத்துப் போனார்கள். எந்தச் செயற்கைக்கோள் படத்திலும் இது தெரிந்திருக்கும். படத்தை அதிகாரி மட்டும் பார்த்ததால் இடிக்க வேண்டியவை எவை என்று அவர் தேர்ந்தெடுத்துக்கொண்டார். அதே படத்தை எல்லோரும் பார்த்தால், கால் சென்ட் குடிசைக்குப் பக்கத்திலேயே பத்து ஏக்கரை வளைத்த கல்லூரியும் தெரியும். பரப்பு வாரியாகப் பட்டியல் போட்டு, பெரியதிலிருந்து தொடங்கு என்று ஊர் கேட்கும். அச்சத்துக்குத் தீர்வு படத்தை மூடிவைப்பதில் இல்லை என்றே நினைக்கிறேன்.

இனி, செய்யக்கூடிய ஒன்றைச் சொல்கிறேன். வடகிழக்குப் பருவமழை முடிந்து தை மாதம் வானம் தெளியும்போதுதான் தமிழ்நாட்டு ஏரிகள் ஓர் ஆண்டில் அதிகமாக நிரம்பியிருக்கும். சென்டினல் படங்கள் அந்த மாதத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. இந்தியச் செயற்கைக்கோள்களின் படங்களும் உண்டு. அண்ணா பல்கலைக்கழகமும் பாரதிதாசன் பல்கலைக்கழகமும் பயிற்றுவித்த மாணவர்கள் மாநிலம் முழுவதும் இருக்கிறார்கள். 12,000-க்கும் மேற்பட்ட ஊராட்சிகளில் ஒவ்வொன்றுக்கும் இரண்டு தாள்: ஒன்று கிடைப்பதிலேயே பழைய வான்படம், மற்றது இந்தத் தை மாதப் படம். இரண்டிலும் வருவாய் ஆவணத்தில் உள்ள ஏரி எல்லையைச் சிவப்புக் கோட்டில் வரைந்து, சர்வே எண் போட்டு, ஊராட்சி அலுவலகச் சுவரில் ஒட்ட வேண்டும். இப்போது தமிழ்நாட்டில் ஆண்டுக்கு ஆறு கிராம சபைகள் கூடுகின்றன. அவற்றில் ஒன்று உலகத் தண்ணீர் நாளான மார்ச் 22 அன்று. அன்றைக்குப் பொருள் பட்டியலின் முதல் இனமாக அந்த இரண்டு தாள்களும் இருக்கட்டும். கோட்டுக்குள் பச்சையாகத் தெரிவது பயிரா, ஆகாயத்தாமரையா, கருவேலமா என்று ஊரார் சொல்லட்டும், செயலர் தீர்மானத்தில் எழுதட்டும். தவறு இருந்தால் அதே கூட்டத்தில் திருத்தி, படத்தைத் தந்த பல்கலைக்கழகத்துக்கே திருப்பி அனுப்பட்டும். தோப்புகள் மிகுந்த ஊர்களில் தென்னையையும், டெல்டா ஊர்களில் நடவு நடந்த வயல்களையும் இதே சுவரில் சேர்த்துக்கொள்ளலாம். தாளும் மையும் அச்சுக்கூலியும்தான் செலவு; ஓர் ஏரியைத் தூர்வாரும் ஒப்பந்தத் தொகையில் எத்தனையோ ஊர்களுக்கு இதைச் செய்து முடித்துவிடலாம். முதல் ஆண்டு ஒரே ஒரு மாவட்டத்தில், ஏரி மிகுந்த காஞ்சிபுரத்திலோ சிவகங்கையிலோ, தொடங்கிப் பார்க்கலாம்.